'கல்யாணப் பொண்ணு' பிரஷை அழிக்காதீர்கள்

போன வாரம் ஸ்டுடியோ குரூப்பில் உங்களில் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு இது பதில். "டீச்சர், உங்க சிஸ்டத்துல 'மாப்பிள்ளை'ன்னு ஒரு வாட்டர்கலர் பிரஷ் இருக்கு, 'கல்யாணப் பொண்ணு'ன்னு இன்னொண்ணு இருக்கு. ரெண்டையும் திறந்து பாத்தோம். தண்ணி, சாயம், பரவல், ஓரம், எல்லா அளவும் ஒண்ணுதான். ஒண்ண அழிச்சிரட்டா?"

கேட்டுவிட்டு அழிக்க நினைத்ததற்கு முதலில் நன்றி. நான் சேர்ந்த காலத்தில் இருந்தவர்கள் அழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். பதில் ஒரே வார்த்தைதான்: அழிக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். வேலை கிடக்கிறது என்று பாதியில் மூடிவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை, நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது.

என்னைப் பார்த்திராத புதியவர்களுக்காக: மதுரை காளவாசல் சிக்னலைப் பார்த்த மாதிரி, விசேஷ வீடுகளுக்குக் கணினியில் படம் வரைந்து கொடுக்கும் நம் மாடியில், நீங்கள் இப்போது சண்டை போட்டுக்கொள்ளும் ஜன்னலோர நாற்காலியில் இருபத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்கு முன்னால் ஒரு மிஷன் பள்ளியில் தற்காலிக ஓவிய ஆசிரியை. வேலை தற்காலிகமாகவே முடிந்துபோனது, 'டீச்சர்' என்ற பெயர் மட்டும் நிரந்தரமாகிவிட்டது. நம் முதலாளி என்னைவிட எட்டு வயது சின்னவர். ஊரே அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரும் கூச்சப்படாமல் ஏற்றுக்கொண்டார்.

பிரஷ் செட்டிங் பற்றி நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிடுகின்றன. எதை எவ்வளவு நகர்த்தினால் சாயம் எப்படிப் பரவும் என்று அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எதை நகர்த்தினால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்பதை மட்டும் எந்த வீடியோவும் சொல்வதில்லை.

உதாரணத்துக்கு, காகிதச் சொரசொரப்பு. உங்கள் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு காதல் இருப்பது எனக்குத் தெரியும். எனக்கும் இருந்தது. ஒரு குழந்தையின் காதணி விழாவுக்குப் படம் கேட்டார்கள். நிஜமான கைவேலை மாதிரி தெரியட்டும் என்று சொரசொரப்பை ஏற்றி வைத்து வரைந்தேன். திரையில் பார்க்க அத்தனை அழகு. மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு அச்சாகி நின்றபோது, பிள்ளையின் கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. குழந்தையின் அத்தை பேனரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைக்கு அம்மை வார்த்த நேரத்தில் எடுத்த போட்டோவையா கொடுத்தீர்கள் என்று தம்பியைத் திட்டினாராம். விழா நடந்தது. வேப்பிலை கட்டித்தான் நடந்தது. திரையில் இருக்கும் அளவில் யாரும் வாழ்வதில்லை என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதாக நினைத்தேன்.

இப்போது 'கல்யாணப் பொண்ணு'வுக்கு வருகிறேன்.

வாட்டர்கலரில் வெள்ளைக்கென்று சாயம் எடுப்பதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். வெளிறிய நிறம் வேண்டுமென்றால் தண்ணீரைக் கூட்டிச் சாயத்தைக் குறைக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் சொல்லிக் கொடுத்தது இதுதான், கணினியிலும் இதேதான். தண்ணீரை ஏற்று, சாயத்தை இறக்கு, ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு கோடு தேங்கட்டும். மூன்று அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு மாதம் உட்கார்ந்து, எப்பேர்ப்பட்ட பெண்ணையும் பால் நிறத்தில் காட்டும் ஒரு பிரஷை உண்டாக்கினேன். அதற்கு 'கல்யாணப் பொண்ணு' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். நம் ஸ்டுடியோவுக்குக் கூட்டம் வந்ததே அந்த பிரஷால்தான் என்று அண்ணன் பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் கொஞ்சநஞ்சப் பெருமையில்லை.

ஏனென்றால் பெண்ணைப் பெற்றவர்கள் யாரும் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். போட்டோவில் லைட் சரியில்லை என்பார்கள். அலைச்சலில் கொஞ்சம் வாடியிருக்கிறாள் என்பார்கள். "நேர்ல நல்லா பளிச்சுன்னு இருக்கும் டீச்சர்" என்பார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்த பிரஷைத் திறந்திருப்பேன். மாப்பிள்ளைக்கு யாரும் எதுவும் கேட்டதில்லை. இருபத்தொரு வருடத்தில் ஒரே ஒரு மாப்பிள்ளைக்குக் கேட்டார்கள், அதையும் அந்த மாப்பிள்ளைதான் தனியாக வந்து கேட்டார். மற்றபடி மாப்பிள்ளைகள் அவரவர் நிறத்தில், அவரவர் மீசையோடு இருந்தார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால், சமயநல்லூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய்மாமன் வந்தார். அக்காள் மகள் ஈஸ்வரிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பிள்ளை, இவர்தான் முன்னால் நிற்கிறார். ஈஸ்வரி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம், அதைத் தாம்பூலப் பையில் அச்சடிக்க வேண்டும், ஐந்நூறு பை. பிளாஸ்டிக் வேண்டாம், பிள்ளை ஒத்துக்கொள்ளாது, மஞ்சள் துணிப்பைதான் என்றார். பள்ளி மைதானத்தில் வேப்ப மரத்தடியில் எடுத்த போட்டோவைப் போனில் காட்டினார். நல்ல கருத்த பெண், களையான முகம், கேமராவை நேராகப் பார்க்கிற கண். மாமன் கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரத்தடி என்பதால் நிழல் விழுந்துவிட்டது என்றார். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இரண்டு நாளில் வரைந்து அனுப்பினேன். மாப்பிள்ளை பட்டுச் சட்டையில் கம்பீரமாக இருந்தார். ஈஸ்வரி பளிங்கு மாதிரி இருந்தாள். மாமன் போனில், "என் அக்கா மக மகாராணியாட்டம் இருக்கு டீச்சர்" என்றார். நானும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என் வேலையை நானே கொஞ்ச நேரம் ரசித்தேன்.

துணியில் அச்சடித்துக் கொடுப்பவர் சமயநல்லூரில் இருக்கிறார். உங்களுக்கும் அவர்தான். பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன், எழுதினால் வேலை கூடிவிடும், வேண்டாம் என்றார். இந்தத் தொழிலில் நான் கற்ற பாதி அவரிடம் கற்றது. மீதிப் பாதி, அவர் சொன்னதைக் கேட்காமல் கற்றது.

அவர் போன் செய்தார். படத்துக்கு அடியில் வெள்ளைக் காகிதம் ஒரு லேயராக இருக்கிறது, அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் பையில் படத்தைச் சுற்றிச் சாம்பல் கட்டம் மாதிரி விழும் என்றார். எடுத்துவிட்டு அனுப்பினேன். மறுபடி போன். நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் அவர் எப்போதும் கூப்பிடுவார்.

"டீச்சர், துணி மஞ்சளு. எங்க மெஷின்ல வெள்ளை மை கெடையாது. ஒரே ஒரு பை அடிச்சு உங்களுக்குக் கொடுத்து விடுறேன், பாத்துட்டுச் சொல்லுங்க. பெறகு மத்தத விடுவோம்."

நான் ஓவிய ஆசிரியை. வண்ணத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று ஒரு எரிச்சல். பசி வேறு. "இத்தனை வருஷமாப் போடுறேன், எனக்குத் தெரியாதா? அனுப்புனத அப்பிடியே அடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கவனியுங்கள், அதுவரை நம் படங்கள் எல்லாம் போனது வெள்ளை அட்டையில், வெள்ளை பேனரில், வெள்ளைப் பையில். வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் அடியில் இருந்த வெள்ளை. அதை நான்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தேன். ஆறாம் வகுப்புப் பாடம். டீச்சருக்கு மறந்துபோனது.

வியாழக்கிழமை காலை முகூர்த்தம். செவ்வாய்க்கிழமை மதியம் பைக் கட்டுகள் வந்து இறங்கின. அண்ணன் ஒரு பையை உருவி விரித்துப் பிடித்தார். "டீச்சர், பொண்ணு எங்க?" என்றார்.

மாப்பிள்ளை இருந்தார். மீசை, கன்னம், கழுத்து, எல்லாம் அம்சமாக விழுந்திருந்தது. வெள்ளைப் பட்டுச் சட்டைகூட மஞ்சள் துணியில் சந்தன நிறம் வாங்கிக்கொண்டு முன்னைவிட எடுப்பாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு அரக்குப் பட்டுப்புடவை தனியாக நின்றது. அதற்கு மேல் ஒரு அட்டிகை. அதற்கு மேல் இரண்டு கண்மணி, ஒரு பொட்டு, உதடு, சுற்றிலும் தலைமுடி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பைதான் இருந்தது. கழுத்தும் பை, கையும் பை. தலையில் வைத்த மல்லிகை முழுக்க மஞ்சளாகி, மதுரைக் கல்யாணத்தில் பெண் சாமந்தி வைத்துக்கொண்டு வந்தது போல் இருந்தது.

கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். ஐந்நூறிலும் மாப்பிள்ளை, ஐந்நூறிலும் புடவை.

அண்ணன் நெருக்கடியில் அமைதியாக இருப்பவர். உட்கார்ந்து யோசித்து, இதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிவிடலாம் என்றார். முகம் போடாமல் விடுவது வெளிநாட்டு ஸ்டைல், கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அது நடக்காது என்று நான் சொன்னதும், "எவன் டீச்சர் பையப் பாக்கப் போறான்? உள்ள தேங்கா இருக்கான்னுதான் பாப்பான்" என்றார். அதில் உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. புதுப் பை தைத்து வாங்கலாம் என்றால் பெரிய முகூர்த்த நாள், ஊர் முழுக்கக் கல்யாணம், இரண்டு நாளில் ஐந்நூறு பை தைக்க எந்தத் தையல்காரரும் தலையாட்டவில்லை. கடைசியாக அண்ணன் மூன்றாவது யோசனையைச் சொன்னார். சமயநல்லூர்க்காரர் மேல் போட்டுவிடலாம். மெஷின் கோளாறு. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

இந்த மூன்றாவது யோசனை இருக்கிறதே, அது உங்களுக்கும் வரும். இங்கே இல்லாத ஒருவர் மேல் பழியைப் போடுவது அவ்வளவு சுலபம், மனசு கூட உறுத்தாது. நானும் வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது படியேறி வந்தது மாமன் இல்லை, ஈஸ்வரி. ஜாக்கெட் அளவு சரியில்லை என்று தையல்காரரிடம் காட்டுவதற்காக மாமனோடு காளவாசல் வந்திருக்கிறாள். அவர் கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். காளவாசலில் அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் வந்தவள் வணக்கம் சொன்னாள், மேசையில் கிடந்த பையைப் பார்த்தாள், கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மாப்ள நல்லாருக்காரு" என்றாள். பிறகு பையைத் திருப்பி உள்பக்கமும் பார்த்தாள். "நான் எங்க டீச்சர்?"

என் கல்யாண ஆல்பம் நினைவுக்கு வந்தது. அதில் என் முகத்துக்கு மட்டும் ஸ்டுடியோக்காரர் வெளுப்பு ஏற்றியிருப்பார், கை என் கையாகவே இருக்கும். வேறு யாரோ ஒரு பெண்ணின் முகத்தை என் கழுத்தில் வைத்தது மாதிரி இருக்கும். முப்பது வருடமாக அந்த ஆல்பம் என் பீரோவில் இருக்கிறது. ஒரு நாளும் அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, அது ஒரு உபகாரம் என்றே நினைத்திருந்தேன். இந்தப் பெண் கேட்டபோதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. நன்றாகவே அவமானமாக இருந்தது.

அண்ணன் வாயெடுத்தார். "பிரஸ்ல ஒரு சின்ன..." என்று அவர் ஆரம்பித்ததும் நான் குறுக்கிட்டு, பிரஸ்ஸில் ஒன்றுமில்லை, தப்பு என்னுடையது என்றேன். வெளுப்பாகக் காட்டுவதற்காகச் சாயத்தைக் குறைத்தேன், குறைத்த இடத்தில் துணிதான் தெரிகிறது, சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. இவ்வளவையும் சொன்னேன். அறிவியல் டீச்சர் அல்லவா, பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"என்னைய வெளுக்க வைக்கச் சொன்னது யாரு?"

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது. அப்பா இடத்தில் நிற்கிற மனிதர் அவர். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. போட்டோவில் நிழல் விழுந்துவிட்டது என்றுதானே அவர் சொன்னார்.

ஆனால் மாமன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து பையைப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாந்தான் பாப்பா சொன்னேன். நிச்சயத்தன்னைக்கு மாப்ளயோட அம்மா ஒரு வார்த்த சொன்னுச்சுல்ல, பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மின்னு. பையப் பாக்கயில அந்தம்மா வாயத் தெறக்கக் கூடாதுன்னு நெனச்சேன். உன் நல்லதுக்குன்னுதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவர்தான் அழுதுவிடுவார் போலிருந்தது. அவள் பையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"பையில வெள்ளையா இருந்துட்டு மேடையில கறுப்பா வந்து நின்னேன்னா, வாரவங்க எத மாமா நம்புவாங்க?"

இத்தனை வருடத்தில் எத்தனை மண்டப வாசலில் ஒருத்தியையும் உள்ளே மேடையில் வேறொருத்தியையும் உட்கார வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எண்ணவில்லை, பயமாக இருந்தது.

சமயநல்லூர்க்காரருக்குப் போன் செய்தேன். அவர் சாப்பிடும் நேரமாக இருக்க வேண்டும் என்று ஒரு நப்பாசை, ஆனால் அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனிதர் பெரிய மனிதர் என்பதை நான் அந்த ஒரு மௌனத்தில்தான் தெரிந்துகொண்டேன். பிறகு வழி சொன்னார்.

"பைய வீணாக்க வேணாம் டீச்சர். மொகத்துல மையே ஏறலல்ல, காலி எடந்தான? மறுபடி மெஷின்ல வச்சு அந்த எடத்துல மட்டும் இன்னொரு தடவ விடலாம். ஆனா வெளுப்பா அனுப்புனீங்கன்னா மறுபடியும் இதே கததான். மஞ்சத் துணியில தெரியணும்னா அந்தப் பிள்ள எப்பிடி இருக்கோ அப்பிடியே அனுப்புங்க. அதுதான் நிக்கும்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அறையில் எல்லோரும் கேட்டார்கள். ஈஸ்வரி என் ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

'கல்யாணப் பொண்ணு'வை மூடிவிட்டு 'மாப்பிள்ளை' பிரஷை எடுத்தேன். சுலபமாக முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை. அத்தனை வருடமாக மணப்பெண்களின் முகத்தைப் போட்டோவில் பார்த்தவுடன் மனதுக்குள் வெளுத்துவிட்டுத்தான் வரைந்திருக்கிறேன், இருந்தபடி பார்த்ததே இல்லை. கருப்பு என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நிறத்தில் கருப்பே இல்லை. கன்னத்து மேட்டில் செம்பு இருந்தது. கழுத்து நிழலில் ஊதா இருந்தது. நெற்றியில் ஜன்னல் வெளிச்சம் நீலமாக நின்றது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சாயத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். மூன்று தடவை அழித்தேன். சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாமன் கீழே போய் டீ வாங்கி வந்தார், ஆறிப்போய் இன்னொரு தடவையும் வாங்கி வந்தார்.

முடித்ததும் திரையைத் திருப்பிக் காட்டினேன். பள்ளிக்கூட நோட்டைத் திருத்துகிற கண்ணோடு பார்த்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெருசா இருக்கு டீச்சர்."

"இருக்கறது அம்புட்டுத்தாம்மா."

"அப்பச் சரி" என்றாள். மாமன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். இந்த முறை மகாராணி என்றெல்லாம் சொல்லவில்லை. இது எங்கள் அக்கா மாதிரியே இருக்கிறது என்றார், அவ்வளவுதான்.

கிளம்பும்போது முகமில்லாத பை ஒன்றைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று பதறிப்போய்க் கேட்டேன். எட்டாம் வகுப்புக்கு ஒளி பற்றிப் பாடம் இருக்கிறது, எதன் வழியாக எது தெரியும் என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றாள்.

புதன்கிழமை காலையிலேயே பைக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பஸ் பிடித்துச் சமயநல்லூர் போய்விட்டேன். ஒவ்வொரு பையாகப் பலகையில் விரித்து, பழைய பொட்டும் புது நெற்றியும் சேர்கிற மாதிரி வைத்துக்கொடுக்க வேண்டும். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டார், நான் பையை விரித்தேன். முப்பது முப்பத்தைந்து பைகளில் இடம் தவறிவிட்டது. ஒன்றில் ஈஸ்வரியின் மூக்கு மாப்பிள்ளையின் தோளில் விழுந்திருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனவள் நான். சிரிப்பு முடிந்ததும் கேட்டேன். "அடுத்த தடவ சாம்பிள் பாருங்க டீச்சர்" என்றார். மறுபடியும் மெஷின் பக்கம் திரும்பிவிட்டார். சாயங்காலம் பஸ் ஏறும் முன்னால் கடைசிக் கட்டும் கட்டியாகிவிட்டது.

வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து வெளியே வருகிற வழியில், பை கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் சொன்னதுதான் நடந்தது. வாங்கினவர்கள் எல்லோரும் பையைத் திறந்து உள்ளே தேங்காய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வெளியே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை நானூற்றுச் சொச்சம் பேர் கவனிக்காமல் எடுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் ஒரு மனப்பக்குவம் வேண்டும். உங்களுக்கும் பழகிவிடும்.

கவனித்தவர் ஒரே ஒருவர்தான். நிறம் கம்மி என்று சொன்ன அதே அம்மா, மாப்பிள்ளையைப் பெற்றவர். பையை எடுத்துக் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார். மாமன் தூரத்தில் பந்தி வாளியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மறந்துவிட்டேன், அந்த அம்மா ஈஸ்வரியைவிட ஒரு பங்கு கருப்பு.

"ரெண்டு பேரும் அப்பிடியே உரிச்சு வச்ச மாதிரி இருக்காக. யாரு போட்டது?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர் என்னைக் கைகாட்டினார். அம்மா வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகனைப் பற்றி, மருமகளின் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், என்னையவும் இது மாதிரி ஒண்ணு போட்டுத் தருவீகளா? வீட்ல மாட்ட. ஆனா கொஞ்சம் நெறமாப் போடணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் யாரோ ஒரு நிச்சயதார்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள், அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றியது. அவரிடம் நான் என்ன பாடம் நடத்த முடியும், நானே முந்தாநாள்தான் கற்றுக்கொண்டேன். "போடுறேம்மா. அதுக்குன்னே எங்ககிட்ட தனி பிரஷ் இருக்கு" என்றேன்.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்ததும் 'கல்யாணப் பொண்ணு'வைத் திறந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து உண்டாக்கிய அளவுகள். தண்ணீரை இறக்கி, சாயத்தை ஏற்றி, ஒவ்வொன்றாக 'மாப்பிள்ளை'க்குச் சமமாக வைத்துச் சேமித்தேன். பெயரை மட்டும் மாற்றவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மா வந்தபோது, திரையில் பெயரைக் காட்டி, இதுதான் அந்த பிரஷ் என்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே அவரை இருந்தபடி வரைந்தேன். கன்னத்தில் செம்பு, கழுத்தில் ஊதா, நெற்றியில் வெளிச்சம். பார்த்து முடித்துவிட்டு, நேரில் இருப்பதைவிட எவ்வளவு நிறமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ அம்மாக்கள் வந்தார்கள். லைட் சரியில்லை என்றார்கள், நிழல் விழுந்துவிட்டது என்றார்கள். எல்லோருக்கும் அந்த பிரஷைத்தான் எடுத்தேன். ஒருவரும் படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அண்ணனுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது, குரூப்பில் வரும் நீளமான எதையும் அவர் படிப்பதில்லை, ஸ்டுடியோவுக்குக் கூட்டம் வருவது அந்த பிரஷால்தான் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

ஆகவே அழிக்காதீர்கள். அடுத்து ஒரு அம்மா வந்து எதிரே உட்கார்ந்து, மகள் போட்டோவை நீட்டி, நேரில் நல்லா பளிச்சென்று இருப்பாள் என்று சொல்லும்போது, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு 'கல்யாணப் பொண்ணு'வைத் தேர்ந்தெடுங்கள். பெயரை அவர் படித்துக்கொள்ளட்டும். பெண்ணை நீங்கள் பாருங்கள்.